அறிவைக் காப்பதும் கடமையே!

(தியாகராய நகரில் இஷா தொழுகைக்குப் பின் நடைபெற்ற இளைஞர் - வணிகர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாள் முழுவதும் நின்று வியாபாரம் பார்த்துவிட்டு, கடையை அடைத்த கையோடு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். கால் வலியும் பசியும் எனக்குத் தெரியும். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

மார்க்கம் பாதுகாக்கச் சொன்ன ஐந்து விஷயங்களை மதரஸாவில் ஓதியிருக்கிறோம். மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, பொருள். மார்க்கத்துக்கு ஆபத்து என்றால் திரண்டு வருகிறோம். உயிருக்கு ஆபத்து என்றால் இரவோடு இரவாக ரத்தம் கொடுக்க ஓடுகிறோம். பொருளைப் பாதுகாக்க உங்களுக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. கடைக்கு இரண்டு பூட்டும் நான்கு கேமராவும் வைத்திருக்கிறீர்கள். ஆனால் நடுவில் இருக்கிற அறிவு? மதுவைத் தடுத்ததோடு அந்தக் கடமை முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டோம். நம் பிள்ளைகளின் அறிவு நம் கண் முன்னாலேயே கலங்கும்போது என்ன செய்வது என்று நமக்குத் தெரியவில்லை. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

நான் செய்த தவறு

முதலில் என்னுடைய குற்றத்தை ஒப்புக்கொண்டு தொடங்குகிறேன்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் நடந்தது. இந்தப் பகுதியில் ஒரு கடையில் ராமநாதபுரம் மாவட்டத்துப் பையன் ஒருவன் வேலை பார்த்தான். வயது பத்தொன்பது. கணக்கில் கெட்டிக்காரன். ஐங்காலத் தொழுகையில் முன் வரிசையில் நிற்பான். ஒரு ரமளானுக்குப் பிறகு அவனிடம் மாற்றம் தெரிந்தது. இரவில் தூங்குவதில்லை. குளிப்பதில்லை. மெஸ்ஸில் சாப்பாட்டைத் தொடுவதில்லை; கேட்டால், ‘எதையோ கலந்து விடுகிறார்கள்’ என்றான். கல்லாவில் இருப்பவர்கள் தன்னைப் பற்றியே பேசுவதாகச் சொன்னான். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு திரிந்தான். யாரும் இல்லாத இடத்தில் நின்று பதில் சொன்னான்.

முதலாளி நல்ல மனிதர். பையனை என்னிடம் அழைத்து வந்து, ‘ஹஜ்ரத், ஏதோ காத்து கருப்பு மாதிரி தெரியுது, நீங்க கொஞ்சம் ஓதிப் பாருங்க’ என்றார். நான் ஓதினேன். ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம். ஓதும்போது அமைதியாக இருந்தான். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு ஊருக்கு அனுப்பி வைத்தோம். அங்கே தகடு, தாயத்து, வேறு ஒருவர், அவருக்கும் மேலான இன்னொருவர். வீட்டில் இருந்த நகை போனது. மொத்தம் பதினொரு மாதங்கள். கடைசியில் உறவினர் ஒருவர் கட்டாயப்படுத்தி அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போனார். டாக்டர் மனச்சிதைவு நோய் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். சில வாரங்களில் தூக்கம் வந்தது. சில மாதங்களில் குரல்கள் ஓய்ந்தன.

அல்ஹம்துலில்லாஹ், அவர் இன்றும் நன்றாக இருக்கிறார். சொந்த ஊரில் சிறிய கடை வைத்திருக்கிறார். ஆனால் அந்தப் பழைய கணக்குக் கெட்டிக்காரத்தனம் முழுதாகத் திரும்பவில்லை. நான் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது அவருடைய தாயார் சொன்னதை இன்றுவரை மறக்க முடியவில்லை. ‘ஹஜ்ரத், நீங்க அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நாங்க போயிருப்போமே!’

சகோதரர்களே! அந்தத் தாய் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் சொல்வதைக் கேட்கத் தயாராக இருந்த ஒரு குடும்பத்துக்குச் சொல்ல வேண்டியதை நான் சொல்லவில்லை. என்னை நம்பியதால் அந்தப் பதினொரு மாதங்கள் போயின.

ஏர்வாடியை மறந்து விட்டோமா?

இதைவிட எனக்கு வெட்கமான விஷயம் ஒன்று உண்டு. இந்தச் சம்பவத்துக்குச் சில ஆண்டுகள் முன்புதான் ஏர்வாடியில் அந்தக் கொடுமை நடந்திருந்தது.

2001 ஆகஸ்ட் 6. அதிகாலை நேரம். ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை ஒட்டிய பகுதியில் ஒரு தனியார் நடத்தி வந்த மனநோயாளிகள் காப்பகத்தில் தீப்பிடித்தது. ஓலைக் கொட்டகை. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஓட வழியில்லை. 28 பேர் மாண்டார்கள். அவர்களில் பெண்களும் இருந்தார்கள். அதன் பின் அரசு அங்கிருந்த அத்தகைய காப்பகங்களை மூடியது. நூற்றுக்கணக்கானோர் அரசுப் பராமரிப்புக்குக் கொண்டு செல்லப்பட்டனர். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது.

அப்போது நாம் என்ன செய்தோம்? மேடை மேடையாகப் பேசினோம். நானும் பேசினேன். மூட நம்பிக்கையைச் சாடினேன், சங்கிலி போட்டவர்களைச் சாடினேன். சாடிவிட்டு வந்த அதே நான், என் முன்னால் ஒரு பையன் நின்றபோது என்ன செய்தேன்? சங்கிலி போடவில்லை, அவ்வளவுதான். மருத்துவமனையை நோக்கி ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை.

ஏர்வாடியில் கருகியவர்கள் அன்று காலையில் நோய்ப்பட்டவர்கள் அல்லர். அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு முதல் மாதம் இருந்தது. அப்போது வீட்டில் இருந்தார்கள்; கல்லூரியில், கடையில், வயலில் இருந்தார்கள். முதல் மாதத்தில் சரியான கதவு தட்டப்பட்டிருந்தால் அவர்களில் எத்தனையோ பேர் அந்தக் கொட்டகைக்குப் போயிருக்கவே மாட்டார்கள். தீயை அணைப்பது பற்றி நிறையப் பேசியாயிற்று. அந்த முதல் மாதத்தைப் பற்றி இன்று பேசுவோம்.

இது என்ன நோய்?

சைக்கோசிஸ் என்று டாக்டர்கள் சொல்வது மூளையின் செயல்பாட்டில் ஏற்படும் கோளாறினால் உண்மைக்கும் உண்மையல்லாததற்கும் இடையில் உள்ள கோடு அழிந்து போகிற நிலை. இல்லாத குரல் காதில் கேட்கும். யாரோ பின்தொடர்கிறார்கள், விஷம் வைக்கிறார்கள் என்ற எண்ணம் அசைக்க முடியாத உறுதியாகப் பதியும். பேச்சு கோர்வை இழக்கும். மனச்சிதைவு நோயிலும் இது வரும், கடுமையான மனஎழுச்சி நோயிலும் வரும், போதைப் பொருளாலும் வரும். சில சமயம் வலிப்பு, மூளைக் காய்ச்சல், தைராய்டு கோளாறு போன்ற உடல் நோய்களாலும் வரும். எதனால் வந்தது என்பதை ரத்தப் பரிசோதனையும் மருத்துவரின் ஆய்வும்தான் சொல்லும். நாம் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இது பெரும்பாலும் எந்த வயதில் தொடங்குகிறது தெரியுமா? பதினைந்திலிருந்து முப்பதுக்குள். படிப்பு, வேலை, திருமணம் என்று வாழ்க்கை அமைகிற வயது. ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் ரோட்டிலும் பாண்டி பஜாரிலும் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற பிள்ளைகளின் வயது. இந்த அவையில் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறவர்களின் வயது.

இது அரிதான நோயும் அல்ல. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வாழ்நாளில் ஒரு தடவையாவது இத்தகைய நோய்க்கு ஆளானவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் மேல். பாதிக்கப்பட்டிருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூவர் முறையான சிகிச்சை பெறவில்லை என்றும் அதே ஆய்வு சொல்கிறது. ஐந்நூறு குடும்பம் உள்ள ஒரு மஹல்லாவில் எத்தனை வீட்டுக் கதவுகள் இதற்காகச் சாத்தியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

முன் அறிகுறிகள்

இந்த நோய் பெரும்பாலும் ஒரே இரவில் வருவதில்லை. வாரக் கணக்கில், மாதக் கணக்கில் சில அடையாளங்களைக் காட்டும். அவற்றைக் கவனமாகக் கேளுங்கள்.

1. தூக்கம் கெடுவது. இரவும் பகலும் தலைகீழாவது.

2. நண்பர்களையும் குடும்பத்தையும் விட்டு ஒதுங்குவது. அறையை விட்டு வெளியே வராமல் இருப்பது.

3. நன்றாகப் படித்தவன் திடீரெனப் பின்தங்குவது. நன்றாக வேலை செய்தவன் சாதாரணக் கணக்கிலும் தடுமாறுவது.

4. குளிப்பது, உடை மாற்றுவது போன்றவற்றில் அக்கறை அற்றுப்போவது.

5. காரணமில்லாத சந்தேகம். எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள், தன்னையே பேசுகிறார்கள், டிவியில் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்ற எண்ணம்.

6. சம்பந்தமில்லாமல் சிரிப்பது, தனக்குத் தானே பேசுவது, யாரோ கூப்பிட்டதுபோல் திரும்பிப் பார்ப்பது.

7. மார்க்க விஷயத்தில்கூடத் திடீர் மாற்றம். தனக்குத் தனிச் செய்தி வருகிறது, தான் தனியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவன் என்று பேசுவது. இதைப் பக்தி என்று நினைத்து ஏமாந்து விடாதீர்கள்.

இவற்றில் ஏதோ ஒன்று இருந்தாலே நோய் என்று முத்திரை குத்தி விடாதீர்கள். காதல் தோல்விக்கும் கடன் தொல்லைக்கும்கூட தூக்கம் கெடும். ஆனால் இரண்டு மூன்று சேர்ந்து வந்து, இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், மருத்துவரிடம் காட்டுவதில் என்ன நஷ்டம்? ஒன்றுமில்லை என்று சொன்னால் நிம்மதியாகத் திரும்பி வரலாம். குரல் கேட்கிறது, உணவில் விஷம் என்ற நிலை வந்துவிட்டாலோ இரண்டு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது. சாக வேண்டும் என்று பேசினால் அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே போக வேண்டும். இந்த நோயில் தற்கொலை ஆபத்து தொடக்க காலத்தில்தான் அதிகம். ‘சாகிற எண்ணம் வருகிறதா?’ என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

இன்னொன்றையும் குறிப்பாகச் சொல்ல வேண்டும். பிரசவமான பெண்களுக்கு முதல் இரண்டு வாரங்களில் இது வரக்கூடும். தூக்கமே இல்லாமல், குழம்பிப் போய், பெற்ற குழந்தையையே சந்தேகிப்பாள். ‘பிள்ளை பெற்ற வீட்டில் ஏதோ புகுந்துவிட்டது’ என்று சொல்லி நாற்பது நாள் காத்திருக்கிறோம். அது தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து. அவசர சிகிச்சைக்குரிய நிலை. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போனால் பெரும்பாலான பெண்கள் முழுமையாகக் குணமாகிறார்கள்.

ஜின்னா, நோயா?

‘ஹஜ்ரத், அப்படியானால் ஜின் இல்லை என்கிறீர்களா?’ என்று சிலர் கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. ஜின் படைப்பை நம்புவது நம் ஈமானில் உள்ளது. ஆனால் ஜின் உண்டு என்று நம்புவது வேறு. இந்தப் பையனைப் பிடித்திருப்பது ஜின்தான் என்று தீர்ப்புச் சொல்வது வேறு. மறைவான விஷயத்தில் தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தை உங்களுக்கும் எனக்கும் யார் கொடுத்தது?

மருந்து செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியதையும், நோயை இறக்கிய இறைவன் அதற்கு நிவாரணத்தையும் வைத்திருக்கிறான் என்று கற்றுத் தந்ததையும் ஜுமுஆ மேடையில் நாமே சொல்கிறோம். சர்க்கரை நோய்க்கு அதைச் சொல்கிறோம், இதய அடைப்புக்குச் சொல்கிறோம். மூளை மட்டும் உடம்பில் சேராதா? புத்தி தெளிவில்லாதவர் மீது, தெளிவு வரும்வரை, மார்க்கக் கடமைகளை எழுதாமல் பேனாவை உயர்த்திவிட்டான் இறைவன். இறைவனே குற்றம் பிடிக்காத ஒருவரை நாம் அடிக்கிறோம், புகை போடுகிறோம், பட்டினி போடுகிறோம். இது நியாயமா?

நம் முன்னோர் எப்படி இருந்தார்கள்? பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அபூ ஸைத் அல்பல்கீ உடலின் நலனையும் மனத்தின் நலனையும் ஒரே நூலில் சேர்த்து எழுதினார். 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனையிலும், 1354இல் அலெப்போவில் எழுந்த அர்கூன் மருத்துவமனையிலும் மனநோயாளிகளுக்கு இடம் இருந்தது. அர்கூன் மருத்துவமனையின் முற்றங்களில் நீரூற்று ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சமுதாயத்தின் வாரிசுகள் நாம். ஓலைக் கொட்டகையும் சங்கிலியும் நமக்கு எங்கிருந்து வந்தன?

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? நீங்கள் தினமும் நடக்கிற உஸ்மான் ரோடு யார் பெயரில் இருக்கிறது? சர் முஹம்மது உஸ்மான். 1934இல் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராக இருந்தவர். ஆனால் அதற்கு முன்பே, 1920களின் தொடக்கத்தில், யுனானி, ஆயுர்வேதம், சித்த மருத்துவம் பற்றி ஆராய அரசு அமைத்த குழுவுக்குத் தலைவராக இருந்து அறிக்கை தந்தவர். நாட்டு மருத்துவத்தையும் ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்று கருதிய தலைமுறை அது. பைத்தியத்துக்கு மருந்தாக நம் நாட்டு வைத்தியர்கள் கொடுத்து வந்த சர்ப்பகந்தி வேரை எடுத்து, டெல்லியில் ஹகீம் அஜ்மல் கானின் ஆதரவோடு சலீமுஸ்ஸமான் சித்தீகி ஆய்வு செய்தார். 1931இல் அதிலிருந்து பிரித்தெடுத்த பொருளுக்கு அஜ்மலின் என்று பெயரிட்டார். அதே வேரிலிருந்து பின்னர் பிரித்த ரெசர்பின் 1950களில் உலகெங்கும் மனநோய்க்குக் கொடுக்கப்பட்டது. இன்று அதைவிடச் சிறந்த மருந்துகள் வந்துவிட்டதால் அதை இதற்குப் பயன்படுத்துவதில்லை. தாயத்தை நம்பியிருந்தால் அவர் அந்த வேரை ஆராய்ந்திருப்பாரா?

ஆகவே என் நிலை இதுதான். துஆ செய்யுங்கள், நோயாளிக்காக அழுது கேளுங்கள். அது நம் கடமை. ஆனால் துஆவுக்காக மருந்தை ஒரு நாளும் தள்ளிப் போடாதீர்கள். ஓதுகிறேன் என்று காசு கேட்கிறவன் வீட்டு வாசலில் ஒரு நிமிடமும் நிற்காதீர்கள்.

தாமதம்தான் எதிரி

நோய் வெளிப்பட்ட நாளிலிருந்து முறையான சிகிச்சை தொடங்கும் நாள்வரை உள்ள இடைவெளியை மருத்துவ உலகம் அளந்து பார்க்கிறது. அந்த இடைவெளி நீள நீள, குணமாவது கடினமாகிறது. குறையக் குறைய, பழைய வாழ்க்கைக்குத் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது. பல நாடுகளில் செய்யப்பட்ட ஆய்வுகள் இதைச் சொல்கின்றன.

நார்வே நாட்டில் 1997இலிருந்து 2000 வரை ஒரு காரியம் செய்தார்கள். பத்திரிகை, வானொலி, திரையரங்கு, பள்ளிக்கூடம் என்று எல்லா வழியிலும் இந்த அறிகுறிகளை மக்களுக்குச் சொன்னார்கள். யார் வேண்டுமானாலும் நேராகத் தொடர்புகொள்ளத் தனிக் குழு வைத்தார்கள். அதற்கு முன் சிகிச்சைக்கு வருவதற்கு நடுத்தரமாக 26 வாரம் ஆகிக்கொண்டிருந்தது. அது 5 வாரமாகக் குறைந்தது. பிரச்சாரத்தை நிறுத்தினார்கள். மறுபடி 15 வாரமாக ஏறிவிட்டது. கவனித்தீர்களா? குழு அப்படியே இருந்தது. சொல்வது நின்றவுடன் தாமதம் திரும்பிவிட்டது. இயக்கம் நடத்துகிற நமக்கு இதில் பாடம் இருக்கிறது. ஒரு கூட்டம் போட்டுவிட்டு ஓய்ந்துவிடக் கூடாது.

நம் சென்னையிலும் ஆதாரம் இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில், முதன்முறையாக மனச்சிதைவு நோய் கண்ட 90 பேரைப் பதிவு செய்து ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்து வந்தார்கள். பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது, தொடர்பில் இருந்தவர்களில் பெரும்பான்மையினர் நல்ல நிலையில் இருந்தார்கள். இந்த நோய் வந்தால் வாழ்க்கை முடிந்தது என்பது பொய் என்று நம் ஊர் மக்களே நிரூபித்திருக்கிறார்கள்.

டாக்டர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். 2021இல் மறையும்வரை நோயாளிகளுக்காகவே வாழ்ந்த அம்மையார் அவர். அந்த நிறுவனமும் கனடாவின் மான்ட்ரியலில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகமும் சேர்ந்து, முதல் தடவை நோய் கண்ட இளைஞர்களை இரண்டு நகரங்களிலும் இரண்டாண்டு கவனித்தன. சிகிச்சையைப் பாதியில் விட்டவர்கள் மான்ட்ரியலில் அதிகம். சென்னையில் மிகக் குறைவு. காரணம் என்ன? இங்கே தாயோ தகப்பனோ அண்ணனோ கூடவே வருகிறார்கள். வசதி அங்கே அதிகம்; குடும்பம் இங்கே அதிகம். இறைவன் நமக்குக் கொடுத்திருக்கிற இந்தப் பெரிய செல்வத்தை மந்திரவாதி வீட்டுக்கு அலைவதில் செலவழிக்கலாமா?

தடுக்க முடியுமா?

முழுவதுமாகத் தடுக்க முடியாது. பரம்பரையும் ஒரு காரணம். அதற்காகப் பயந்து விடாதீர்கள். தாய் அல்லது தந்தைக்கு மனச்சிதைவு இருந்தாலும் பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு அந்த நோய் வருவதில்லை. ஆனால் ஆபத்தைக் குறைக்க முடியும்.

முதலாவது, கஞ்சா. இளைஞர்களே, உங்களிடம் நேராகப் பேசுகிறேன். ‘அது இலைதானே, மது இல்லையே’ என்று சிலர் சமாதானம் சொல்கிறீர்கள். சுவீடனில் ராணுவத்துக்குத் தேர்வான 45,000க்கும் மேற்பட்ட வாலிபர்களைப் பதினைந்து ஆண்டு தொடர்ந்து பார்த்து 1987இல் வெளியிட்டார்கள். ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா பிடித்தவர்களுக்கு மனச்சிதைவு வரும் வாய்ப்பு ஆறு மடங்கு. 2019இல் ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் 11 இடங்களில் செய்த ஆய்வில், தினமும் பிடிப்பவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு மூன்று மடங்கு என்று தெரிந்தது. பிடிக்கிற எல்லோருக்கும் வருவதில்லை, உண்மை. ஆனால் யாருக்கு வரும் என்பது முன்கூட்டித் தெரியாது. குடும்பத்தில் ஏற்கெனவே இந்த நோய் இருந்தால் நெருப்போடு விளையாடுகிறீர்கள். அறிவை மயக்குவதை மார்க்கம் ஏன் தடுத்தது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டுமா?

இரண்டாவது, தூக்கமும் தனிமையும். வணிகப் பெருமக்களே, இது உங்களுக்கு. பதினெட்டு வயதில் ஊரை விட்டு, தாயை விட்டு வந்து, ஒரே அறையில் இருபது பேரோடு படுத்து, நள்ளிரவில் கண் மூடி, காலையில் எழுந்து நிற்கிறான் பிள்ளை. பண்டிகை மாதங்களில் அதுவும் இல்லை. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டமே கொண்டு வர வேண்டியிருந்தது என்றால் நம் நிலை என்ன? வேலைச் சுமையினால் மட்டுமே இந்த நோய் வருகிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஊர் விட்டு ஊர் வந்த தனிமையும், அவமானமும், தூக்கமின்மையும் நோய்க்கு இடம் பார்த்து நிற்கிற பிள்ளையை விளிம்பிலிருந்து தள்ளிவிடும். பையன் மாறிப் போனால் முதலில் கவனிக்கக்கூடியவர் ஊரில் இருக்கும் தாய் அல்ல, கடையில் இருக்கும் நீங்கள்தான். ‘திமிர் பிடித்துவிட்டது’ என்று கணக்கை முடித்துத் தனியாக ரயில் ஏற்றி விடாதீர்கள்.

சிகிச்சை பற்றிச் சில உண்மைகள்

மாத்திரை சாப்பிட்டால் வாழ்நாள் முழுதும் அடிமையாகி விடுவான் என்பது தவறு. அது போதை மருந்து அல்ல. பக்க விளைவு உண்டு: தூக்கம், உடல் பருமன், கை நடுக்கம், இருப்புக் கொள்ளாமை. டாக்டரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றுவார். நாமாக நிறுத்தக் கூடாது. குணம் தெரிந்தவுடன் நிறுத்துவதால்தான் பலருக்கு நோய் திரும்புகிறது. ரமளானுக்கு முன்பே மருந்து நேரத்தை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நோன்பு நோயாளியை வருத்துமானால் மார்க்கம் அவருக்குச் சலுகை தந்திருக்கிறது.

‘மனநோயாளி என்றால் வெட்டுவான், குத்துவான்’ என்பதும் தவறு. பெரும்பாலோர் யாருக்கும் தீங்கு செய்வதில்லை. பயந்து ஒடுங்கித்தான் இருப்பார்கள்.

‘கல்யாணம் முடித்து வைத்தால் சரியாகிவிடும்’ என்பது எல்லாவற்றிலும் பெரிய தவறு. நோயை மறைத்து ஒரு பெண்ணைக் கட்டி வைப்பது மோசடி. அவள் வாழ்க்கையும் போகிறது, மருந்தை ஒளித்துச் சாப்பிட முடியாமல் அவன் நோயும் முற்றுகிறது. குணமானவர் மணம் முடிக்கத் தடையில்லை. உள்ளதைச் சொல்லி, சம்மதம் பெற்று முடியுங்கள்.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவது எந்த வடிவிலும் கூடாது என்கிறது. உடல் நோய்க்குத் தருவதுபோலவே மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்கிறது. ஊழியர்களுக்குக் காப்பீடு எடுத்திருக்கிற வணிகர்கள் இதைக் கேட்டுப் பெறுங்கள்.

எங்கே போவது? கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. 1794இல் தொடங்கிய பாரம்பரியம் அது. ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்று கேலி பேசுகிற நாக்கை இன்றோடு நிறுத்துவோம். அந்தக் கேலிக்குப் பயந்தே எத்தனை பேர் போகாமல் இருக்கிறார்கள்! அங்கே மட்டுமல்ல, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்டங்களிலும் அரசு மனநலத் திட்டம் நடக்கிறது. எங்கே போவதென்று தெரியாவிட்டால், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலிமானஸ் உதவி எண் 14416. இலவசம். எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

நாம் எடுக்க வேண்டிய முடிவுகள்

கலைந்து போவதற்கு முன் சில முடிவுகளோடு போவோம்.

ஒன்று: என் போன்ற ஆலிம்கள். ஓதிப் பார்க்கச் சொல்லி யார் வந்தாலும், துஆ செய்துவிட்டு, அதே அமர்வில் மருத்துவமனைக்குப் போகச் சொல்ல வேண்டும். போனார்களா என்று மறுநாள் விசாரிக்கவும் வேண்டும்.

இரண்டு: கடைக்கு ஒருவர். ஒவ்வொரு கடையிலும், மெஸ்ஸிலும் பொறுப்பான ஒருவர் இந்த ஏழு அறிகுறிகளையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

மூன்று: வேலை போகக் கூடாது. சிகிச்சைக்குப் போன பையனின் இடத்தைக் காலியாக வைத்திருங்கள். திரும்பி வந்தால் முதலில் எளிய வேலை கொடுங்கள். வேலையும் மருந்துதான்.

நான்கு: துணைக்கு ஆள். தகப்பன் இல்லாத வீடு, வெளிநாட்டில் கணவன் இருக்கிற வீடு. அந்தப் பெண்கள் தனியாக மருத்துவமனைக்கு அலைய முடியாது. வாகனமும் துணையும் தர நம் இளைஞர்கள் பெயர் கொடுங்கள். போன வீட்டின் ரகசியம் வெளியே வரக் கூடாது. அது அமானிதம்.

ஐந்து: இந்தப் பேச்சு ஆண்டுதோறும் நடக்க வேண்டும். ஆகஸ்ட் 6 நெருங்கும்போது ஏர்வாடியை நினைத்து, ஒவ்வொரு மஹல்லாவிலும் இதைச் சொல்வோம். நார்வேக்காரர்கள் நிறுத்தியதால் என்ன ஆனது என்று பார்த்தோம்.

சகோதரர்களே! இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் என்னிடம் எதிர்பார்த்தது ஒரே ஒரு வார்த்தை. அதை அன்று நான் சொல்லவில்லை. இன்று உங்கள் அனைவரிடமும் சொல்கிறேன். உங்கள் வீட்டிலோ கடையிலோ தெருவிலோ ஒரு பிள்ளை மாறிப் போனால், அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். நீங்களே கூடப் போங்கள்.

நம் பிள்ளைகளின் அறிவையும் உயிரையும் வல்ல இறைவன் பாதுகாப்பானாக! நோயுற்றோருக்கு நிறைவான நலனையும், அவர்களைச் சுமக்கும் தாய்மார்களுக்குப் பொறுமையையும் தருவானாக! என் தவறை அவன் மன்னிப்பானாக!

வஸ்ஸலாம்.